ஒன்றும் நடக்காது என்று சொன்னவன்

அன்பு மகனுக்கு,

கீழே நீயும் சுபாவும் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு படி இறங்கினால் இதையெல்லாம் உன்னிடம் நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நேரில் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்தில் நீ என் தோளில் கை வைத்து, "இட்ஸ் ஓகே அப்பா" என்பாய். நானும் நிறுத்திவிடுவேன். நம் இருவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் நீ படித்த தமிழுக்கு இது நீளமான கடிதம்தான். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் சுபாவைக் கேள். என் மருமகள் மட்டக்களப்பில் பத்தாம் ஆண்டுவரை படித்தவள். வான்கூவர் போய்ச் சேர்ந்து, சாமான்களை எல்லாம் அடுக்கி முடித்த பிறகு வாசித்தாலும் எனக்குச் சம்மதமே.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் நீ என்னைப் பகிடி பண்ணினாய். "அப்பா, எவ்ரி தேர்ஸ்டே நோர்த் யோர்க் போறீங்கள். உங்களுக்கு அங்க கேர்ள்பிரண்ட் இருக்கா?" சுபாவும் சிரித்தாள். ரொட்டி வாங்கப் போகிறேன் என்றேன். அது பொய்யில்லை. சுடச்சுடக் கூழாங்கற்களின் மேல் போட்டு எடுக்கிற அந்த நீளமான ஈரானிய ரொட்டியை நீயே எத்தனை தரம் பருப்புக் கறியோடு சாப்பிட்டிருக்கிறாய். ஆனால் எழுபத்தைந்து வயது மனிதன் ஒரு ரொட்டிக்காக நம் வீடிருக்கிற வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ் ஏறி, சப்வே மாறி, யங் ஸ்ட்ரீட்டின் வடக்குப் பக்கம்வரை போகமாட்டான். நான் அங்கே ஒரு பாஷையைக் கேட்கப் போகிறேன். வரிசையில் நின்று, முன்னாலும் பின்னாலும் ஆட்கள் பாரசீகம் பேசுவதைக் கேட்டால் எனக்கு இருபத்தாறு வயதாகிவிடுகிறது. அப்படித்தான் பல வருடங்களாகப் போனேன். கடந்த வருடத்திலிருந்து போகிற காரணம் வேறு.

அப்பா கலியாணத்துக்கு முன்னர் ஈரானில் வேலை செய்தவர் என்பது மட்டும் உனக்குத் தெரியும். பனிமலைக்கு முன்னால் நீளமான தலைமயிரோடு நான் நிற்கிற படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அதற்கு மேல் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியைச் சொல்ல அவள் இருக்கும்வரை எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பில் எஞ்சினியரிங் முடித்து வேலை தேடி அலைந்த காலத்தில் பேப்பரில் ஒரு விளம்பரம் கண்டு தெஹ்ரானுக்குப் போனேன். நகரத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையோரம், சமையல் அடுப்பும் குளிர்கால ஹீற்றரும் செய்கிற பெரிய தொழிற்சாலை. அடுப்புக் கதவுகளுக்கு எனாமல் பூசிச் சுட்டெடுக்கும் சூளைகள் என் பொறுப்பு. எண்ணெய்க் காசு ஆறாக ஓடிய காலம் அது. வடக்கே மலையடிவாரத்தில் நீச்சல் தடாகத்தோடு மாளிகைகள் எழும்பின. தெற்கே எங்கள் தொழிலாளர் இருந்த சந்துகளில் தண்ணீருக்கு வரிசை. அந்த நாட்டைப் பற்றி நினைக்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இல்லாவிட்டால் ஏக்கம் பாதியை அழித்துவிடும்.

முதலாளியின் பெயர் நவீதி. ஐயா என்பது போல, அவரை ஆகா என்று கூப்பிடுவோம். கடைத்தெருச் சந்தில் தமையனோடு சேர்ந்து தகர விளக்குக்கு ஈயம் பற்றவைத்துத் தொடங்கியவர். தமையன் பிறகு வியாபாரம், கடன், முதலீடு என்று போய் ஒரு தனியார் வங்கியின் இயக்குநராக வந்துவிட்டார். தம்பி தொழிற்சாலை கட்டினார். "ஒருத்தர் காசை வளைக்கிறார், மற்றவர் இரும்பை வளைக்கிறார்" என்று தொழிலாளர் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் பட்டறைக்குள் நிற்பார். சூளையிலிருந்து வருகிற கதவுகளை விரலின் பின்பக்கத்தால் தடவிப் பார்ப்பார். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். மதியம் கன்ரீனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நான் தனியாளாக அங்கே இருந்தேன் என்பதாலோ என்னவோ, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்வார். தன் மனைவி மஹின் சொன்னது, மஹின் சமைத்தது, மஹின் திட்டியது என்று அவர் சொன்ன கதைகளுக்கு அளவில்லை. அந்த அம்மாவை நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஒருநாள் அவர் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு, இயந்திரம் பொருத்துகிற ஒரு வயதான பிற்றர் அவர் தேநீர் குடித்த கிளாசை மட்டும் துணியால் பிடித்து எடுத்துத் தனியாக வைத்ததைக் கண்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டின் பின்பக்கத்திலும் ஒரு தனிப் பேணி தொங்கியது. அதில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களின் முகங்களை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. மகனே, இது உனக்குத் தெரியவேண்டும். உன் அப்பப்பா வீட்டைப் பற்றி நான் சொன்ன நல்ல கதைகளோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்.

நவீதி பஹாய் சமயத்தவர்; ஈரானிலேயே தோன்றி, அங்கே பலர் தீட்டாகப் பார்த்த சமயம் அது. யூதருக்கும் ஆர்மீனியருக்கும் சொராஸ்திரியருக்கும் அந்த நாட்டுச் சட்டத்தில் சிறியதாக என்றாலும் ஓர் இடம் இருந்தது. பஹாய்களுக்கு அதுவும் இல்லை. படிவங்களில் சமயம் என்று ஓர் இடம் இருக்கும். அவர்கள் எழுதக்கூடியது எதுவும் அந்த வரிசையில் இராது. "வேறு எதையாவது எழுதிவிடச் சொல்லினம். நான் வெறுமையா விடுவன். வேற எழுதமாட்டன்" என்று ஒருதரம் சொன்னார். அவர் பேசியது பாரசீகம். இத்தனை வருடத்தில் அது எனக்கு எங்கள் பேச்சாக மாறித்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

பிறகு ஊர்வலங்கள் தொடங்கின. மன்னர் போகவேண்டும் என்று தெருவெல்லாம் சத்தம். எங்கள் சாலை முனையில் இருந்த வங்கிக் கிளை ஒரு பகலில் எரிந்தது. எரிந்த காகிதங்கள் பறந்து வந்து தொழிற்சாலை முற்றத்தில் விழுந்தன. அந்த வாரமே தமையன் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். "தொழிற்சாலையைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. நீ வா" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுப் போனாராம். பணக்காரர்களில் பாதிப்பேர் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஏழு மணிக்குப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒரு மதியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைத் தானே சாத்தினார். யன்னலுக்குக் கீழே முற்றத்தில் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ வெளியாள்," என்றார். "உனக்குப் பாரசீகம் சரியா விளங்காது எண்டு அவங்கள் நினைக்கிறாங்கள். உனக்கு முன்னால எல்லாம் கதைப்பாங்கள். எனக்கு உண்மையைச் சொல்லு. நான் போகவேணுமோ?"

எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது. இரண்டு நாளுக்கு முன்னர்தான், கிளாசைத் தனியாக வைக்கிற அதே பிற்றர், எனக்கு எதிரே இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டு, "பிடிக்கிற ஆக்களின்ர பட்டியல் எழுதியாச்சு. முதல் பேர் இவன்ரதான்" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். மற்றவன் தலையாட்டினான். அது என் காதில் இருந்தது. என் சட்டைப் பையில் அக்கா எழுதிய கடிதம் இருந்தது. அவளுக்குக் கலியாணம் பொருந்தி, தை மாதம் நாள் வைத்திருந்தார்கள்; சீதனக் காசு நான் அனுப்பவேண்டும். முதலாளி போனால் தொழிற்சாலை மூடும். தொழிற்சாலை மூடினால் நான் வெறுங்கையோடு ஊருக்குப் போகவேண்டும். இதை எல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொன்னால் அது அழகுபடுத்துவது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது. அதைக் கொடுத்தேன்.

"ஒண்டும் நடக்காது, ஆகா. அவங்களுக்கு உங்களில நல்ல விருப்பம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார். தேநீர் வரவழைத்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் குடித்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் ஆட்சி மாறியது. தொழிற்சாலையை ஒரு குழு பொறுப்பெடுத்தது. ஆனாலும் அவர் வந்துகொண்டிருந்தார். அறைக்குள் போக விடவில்லை என்றால் சூளைப் பக்கம் வந்து நிற்பார். வசந்த காலத்தில் ஒரு காலை நான்கு பேர் துப்பாக்கிகளோடு வந்து அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். போகிற வழியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "மூண்டாவது சூளை கூடச் சூடாகுது, பார்" என்றார். நான் சூளையைப் பார்த்தேன். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே இருநூறு பேர் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அழுதவர்கள் சிலர் உண்டு. அவர் மேல் விருப்பம் உள்ளவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், மகனே. விருப்பம் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

நான் அந்த மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். அக்காவின் கலியாணம் ஏற்கெனவே முடிந்திருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு கூட வேலை செய்தவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. தன் சமயத்தை விட்டுவிட்டதாகப் பேப்பரில் ஒரு அறிவித்தல் போட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்களாம். அவர் போடவில்லை. சுட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் கிணற்றடியில் நின்று வாசித்தேன். வாளி கையில் இருந்தது. 

எண்பத்து மூன்றில் அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம். கலியாணமாகி எட்டு மாதம். வீட்டுச் சொந்தக்காரி ஒரு சிங்கள அம்மா. அந்த ஜூலைத் திங்கட்கிழமை காலை கதவைத் தட்டி, தேநீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்காமல், "இப்பவே போங்க. இங்க இருக்க வேணாம். எனக்கு ஒங்கள வச்சிருக்க ஏலாது" என்றார். அம்மாவுக்குக் கோபம். "மாதாமாதம் வாடகை வாங்கின மனுசி, எங்களை நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிறாள்" என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னேரம் அந்த வீதியில் தமிழர் வீடுகளுக்கு என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். அந்த அம்மா எங்களை நோகப்பண்ணியதால்தான் நீ பிறந்தாய். அவர் போல நானும் நவீதியை நோகப்பண்ணியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்காக நாற்பத்தைந்து வருடமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன். கனவில் பல தரம் அதைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம், அந்த ரொட்டிக் கடையில், எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றார். நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார், கையில் ஊன்றுகோல். கவுண்டரில் பெயர் கேட்டபோது "நவீதி" என்றார். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "மஹின் கானும், சலாம்" என்று, மஹின் அம்மா என்கிற மரியாதையோடு, கூப்பிட்டார்கள். அவர் திரும்பிச் சிரித்தார். நான் ரொட்டி வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வியாழன் அதே நேரத்துக்குப் போனேன். அவரும் வந்திருந்தார். பின்னால் போய் நின்றேன், பேசவில்லை. நாலு மாதம் அப்படிப் போனது. கடைசியில் அவர்தான் திரும்பினார்.

"ஒவ்வொரு வியாழனும் எனக்குப் பின்னால வந்து நிக்கிறீங்கள். ஏதும் கேக்கவேணுமோ?"

"நான் ஆகா நவீதியின்ர தொழிற்சாலையில வேலை செய்தனான்" என்றேன். என் பாரசீகம் துருப்பிடித்துப்போயிருந்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிலோன் எஞ்சினியர்?" என்றார்.

யன்னலோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்தோம். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு மலை வழியாகத் துருக்கிக்கு நடந்து போய், பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். மகள் இப்போது பக்கத்தில்தான் இருக்கிறாளாம். அதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, என்னுடையதைச் சொன்னேன். பிற்றர் சொன்ன பட்டியலை, சாத்திய கதவை, நான் சொன்ன பதிலை, ஒன்றும் விடாமல். அவர் ரொட்டியில் ஒட்டியிருந்த ஒரு கூழாங்கல்லை நகத்தால் பிரித்தெடுத்தார்.

"அவர் எத்தினை பேரிட்டைக் கேட்டவர், தெரியுமோ?" என்றார். "தமையனைக் கேட்டார். போ எண்டார். டொக்டரைக் கேட்டார். போ எண்டார். பக்கத்து வீட்டு ஹாஜியைக் கேட்டார். அந்த மனுசன் தொழுதுபோட்டு வந்து அழுதழுது போ எண்டு சொன்னவர். டிரைவரைக்கூட விடேல்லை. எல்லாரும் போ எண்டவை. உங்களைக் கேட்ட பிறகு அவர் வேற ஒருத்தரையும் கேக்கேல்லை."

நான் அந்தக் கூழாங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்து நாளா நான் பெட்டி கட்டி வைச்சிருந்தனான். அண்டைக்கு வந்து, சிலோன் எஞ்சினியர் சொல்லிப்போட்டார், ஒண்டும் நடக்காதாம் எண்டார். நேற்று வந்த சிலோன்காரனுக்கு எங்கட நாட்டைப் பற்றி என்ன தெரியும் எண்டு நான் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. பெட்டியைத் திறந்து உடுப்பெல்லாத்தையும் அலுமாரியில திருப்பி அடுக்கினனான். பாட்டுப் பாடிக்கொண்டு அடுக்கினனான். எனக்கும் போக விருப்பமில்லை."

"என்னை மன்னிப்பீங்களோ?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது," என்றார். கோபமில்லாமல், ஒரு கடையில் சாமான் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். ரொட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "தொழிற்சாலையில அவர் எப்பிடி இருந்தவர்?" என்று கேட்டார். "வீட்டை வந்தால் களைச்சுப்போய்ப் படுத்திடுவார். பகல்ல அவர் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ."

அதுதான் வியாழக்கிழமை. நான் போய்ச் சொல்கிறேன். நவீதி விரலின் பின்பக்கத்தால் கதவைத் தடவியதை, கன்ரீனில் சூப் பிடிக்காமல் முகம் சுழித்ததை, கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிப் போடுவதை. இன்னும் சொல்லி முடியவில்லை. சில நாள் மஹின் கானும் சிரிப்பார். சில நாள் பாதியில் எழுந்து போய்விடுவார். மன்னிப்பைப் பற்றி நாங்கள் திரும்பப் பேசவில்லை.

இப்போது உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கிழமைக்கு முன்னர் என்னைக் கிளினிக்கிலிருந்து கூட்டிவந்து, காரை வாசலில் நிறுத்தி, ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாய். "அப்பா, டெல் மீ ஒனஸ்ட்லி. நாங்கள் போனால் நீங்கள் ஓகேயா இருப்பீங்களா? இல்லையெண்டால் நான் அந்த வேலைக்கு நோ சொல்லுறன்."

"எனக்கென்ன? நான் சமாளிப்பன்," என்றேன். உன் முகம் தெளிந்தது. அப்படி ஒரு முகம் தெளிவதை நான் முன்னரும் கண்டிருக்கிறேன் என்பதால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

நான் சமாளிக்கமாட்டேன். பேத்தி யாழினியின் சின்னச் சப்பாத்து இல்லாத வாசலை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுபா குசினியில் போனில் தாயோடு சண்டை பிடிக்கிற சத்தம் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் தனியாக ஒரு வாரம்கூட இருந்ததில்லை. முழங்கால் நான் சொல்வதைவிட மோசம். பனி கொட்டினால் வாசலைத் துப்புரவாக்க யாரையாவது பிடிக்கவேண்டும். உங்களோடு வரச்சொல்லிக் கேட்டாய். வரமாட்டேன் என்றது பிடிவாதம் என்று நினைத்தாய். இந்த வயதில் இன்னொரு நாட்டுக்குப் போவது போல எனக்கு அது இருக்கிறது; நான் ஏற்கெனவே மூன்று நாடு மாறியவன். தவிர, எனக்கு வியாழக்கிழமை இருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: போ. அந்த வேலைக்கு நீ எத்தனை வருடம் முயன்றாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு முப்பத்தாறு வயது, போகவேண்டிய வயது. என்னைக் கவனித்துக்கொண்டு இங்கே இருந்தால், ஐந்து வருடத்தில் நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அதை நான் தாங்கமாட்டேன். காரில் அன்றைக்கு நான் சொன்னதில் போ என்கிற பாதி உண்மை, ஒன்றும் ஆகாது என்கிற பாதிதான் பொய். இரண்டையும் பிரித்து உன்னிடம் தருகிறேன்.

அங்கே போனபிறகு உனக்குச் சரிவராவிட்டால், வேலை பிடிக்காவிட்டால், சுபாவோடு மனக்கசப்பு வந்தால், எனக்கு ஓகே சொல்லாதே. நான் உன்னிடமிருந்து அந்தச் சொல்லை நிறையக் கேட்டுவிட்டேன். உன்னிடம் யாராவது உண்மை கேட்டு வந்தால், அவர்கள் முகம் எதைக் கேட்கிறது என்று பார்க்காதே. வாய் கேட்டதற்குப் பதில் சொல்லு.

இறங்கியதும் எனக்குப் போன் எடுப்பாய். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாய். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, எனக்கு அழுகை வருகிறது என்று சொல்வேன். பயந்துபோய் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடிவராதே. ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் லைனில் நில். எனக்கு அது போதும்.

அப்பா